மூன்று ஹாரன்

பஸ் ஷெட்டில் போய் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. 'மூணு ஹாரன்' என்று கேட்டால் வாட்ச்மேன்கூடக் கையை நீட்டிக் காட்டுவார். எந்த இடத்தில் வண்டியை நிறுத்தினாலும், கிளம்பும் நேரம் வந்துவிட்டால் மூன்று தடவை ஹாரன் அடிப்பார். முதல் ஹாரனுக்குச் செருப்பைத் தேடு, இரண்டாவதுக்கு ஓடி வா, மூன்றாவதுக்கு நீ உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டும். நான்காவது ஹாரன் என்று ஒன்று அவர் சர்வீஸிலேயே கிடையாது.

அவர் ஓட்டியது டவுன் பஸ் இல்லை. முதுகில் பையை மாட்டிக்கொண்டு நாடு பார்க்க வரும் பிள்ளைகளுக்கான வண்டி. ஏறு-இறங்கு பஸ் என்று சொல்வார்கள். ஒரே பாஸ். வண்டி நாட்டை ஒரே திசையில் சுற்றிக்கொண்டே இருக்கும். பிடித்த ஊரில் இறங்கிக்கொள்ளலாம், சலித்துப்போனால் பின்னால் வரும் வண்டியில் ஏறிக்கொள்ளலாம். ஏன் இறங்கினாய், எங்கே போகிறாய் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். கல்யாணத்துக்குப் போகிற வேனில் ஒரு ஆள் குறைந்தால் ஊரையே கூட்டி ஒப்பாரி வைப்போம் இல்லையா, இங்கே அந்தப் பேச்சே இல்லை. ஆள் வரவில்லையென்றால் இடம் பிடித்துப்போய்த் தங்கிவிட்டான் என்று அர்த்தம். அதற்குத்தானே அந்தப் பாஸையே வாங்குகிறான்.

எப்போதாவது ஒரு தாயோ தகப்பனோ ஆபீசுக்குப் போன் போட்டு, பிள்ளையிடமிருந்து தகவலே இல்லை என்று அழுவார்கள். ஆபீஸ் பெண் நைசாகப் போனை இவரிடம் தள்ளிவிடுவாள். இவர் நாக்கில் தேனைத் தடவிக்கொண்டு பேசுவார். "கவலைப்படாதீங்கம்மா. எங்கயாவது இறங்கியிருப்பாங்க. பிடிச்ச ஊரா இருக்கும். ரெண்டு நாள்ல அவங்களே கூப்பிடுவாங்க பாருங்க." பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும். நடந்து நடந்து அந்த வார்த்தை அவருக்கு மனப்பாடமாகிவிட்டது. அழுதவர்கள் மறுபடி கூப்பிட்டார்களா, பிள்ளை கிடைத்ததா என்று விசாரிக்கிற பழக்கம் மட்டும் அவருக்கு இல்லை. வண்டிதான் அடுத்த ஊருக்குப் போய்விட்டதே.

வீட்டில் முன்னறை மனைவியின் தையல் கூடம். ஜிப் மாற்றுவது, கால்சட்டை மடிப்பது, கிழிந்த பைக்கு ஒட்டுப்போடுவது என்று அந்த அம்மாளின் மிஷின் நாளெல்லாம் ஓடும். வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டே பேசக் கற்றவர். ஒரே மகள். கண்ணாடிக் கடையில் வேலை, வருகிறவர்களின் மூக்கை அளந்து ஃபிரேம் எடுத்துக் கொடுப்பாள். கல்யாண வயதாகியும் வீட்டில் அவள் பாப்பாதான். அப்பனைப் போலவே மைக் குரலில், "பயணிகள் கவனத்துக்கு, சாம்பார் இன்னும் அஞ்சு நிமிஷத்துல கெளம்பும், மூணாவது ஹாரனுக்குள்ள தட்டோட வரலேன்னா நிர்வாகம் பொறுப்பல்ல" என்று சமையலறையிலிருந்து அறிவிப்பாள். அவர் சிரிக்காத மாதிரி மூஞ்சியை வைத்துக்கொள்வார். தோள் மட்டும் குலுங்கும்.

அந்தப் பாப்பாதான் ஒரு நாள், நானும் ஒரு புது நாட்டைச் சுற்றிப் பார்க்கப் போகிறேன், தனியாக, என்று வந்து நின்றாள். "பொட்டப் புள்ளைய ஒத்தையில அனுப்பிட்டு நான் வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கணுமா?" என்று மனைவி மிஷினை நிறுத்திவிட்டார். மகளுக்காகப் பரிந்து பேசியது இவர்தான். தனியாகத் திரிய வேண்டாம், அங்கேயும் நம்ம மாதிரி ஏறு-இறங்கு பஸ் இருக்கிறது, அதில் போகட்டும் என்றார்.

"டிரைவருங்க எப்படின்னு எனக்குத் தெரியாதா? பெத்த புள்ள மாதிரி பாத்துப்பாங்க" என்றார் மனைவியிடம்.

கிளம்புவதற்கு முன்தினம் பை தயாரானது. அடிப்பக்கம் கிழிந்திருந்த இடத்தில், அவர் பஸ்ஸின் சீட் துணியில் மிஞ்சிய அரக்கு நிறத் துண்டு ஒன்றை வைத்து மனைவி ஒட்டுப்போட்டார். அதே துணியில் ஒரு சின்னக் காது தைத்து மகளின் குளியல் துண்டிலும் வைத்தார், ஆணியில் மாட்டச் சௌகரியமாக இருக்கட்டும் என்று. இவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு புத்திமதி சொன்னார்.

"ஒருவேள பஸ் உன்ன விட்டுட்டுப் போயிடுச்சுன்னு வை, பதறக் கூடாது. நிக்கற எடத்த விட்டு நகராத. குறுக்கு வழின்னு எங்கயும் நடந்து தொலையாத. கண்ணுக்குத் தெரியற மாதிரி ஒரு துணியக் கட்டி வச்சிட்டு அங்கயே உக்காந்திரு. ஆள் கொறையுதேன்னு பாத்துட்டு டிரைவர் திரும்பி வருவான்."

"நீ அப்படித் திரும்பிப் போயிருக்கியாப்பா?"

"போகாம பின்ன?" என்றார்.

அவர் தன் சர்வீஸில் ஒரு தடவைகூட வண்டியைத் திருப்பியதில்லை. மகள் முன்னால் கொஞ்சம் பெரிய மனுஷனாகத் தெரிய வேண்டும் என்று எந்த அப்பனுக்குத்தான் ஆசை இருக்காது? மனைவி நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

போன புதிதில் பாப்பா தினமும் படம் அனுப்பினாள். ஏரி, ஏரியில் படகு, அடுக்குக் கட்டிலின் மேல்தட்டிலிருந்து தொங்கும் தன் கால்கள். 'இங்க டிரைவர் ஒரே ஒரு ஹாரன்தாம்பா. நீ எவ்வளவோ தேவல' என்று ஒரு செய்தி. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. கூப்பிட்டால், தொடர்பு எல்லைக்கு அப்பால் இருக்கிறார் என்று ஒரு பெண் குரல் ஓயாமல் சொன்னது. மனைவி முதல் நாளே தையலை ஒதுக்கிவிட்டுப் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பெத்த வயிறு இல்லையா. இவர் தேற்றினார்.

"எங்கயாவது இறங்கியிருப்பா. பிடிச்ச ஊரா இருக்கும். ரெண்டு நாள்ல அவளே கூப்பிடுவா பாரு."

இரண்டு நாள் ஒரு வாரமாயிற்று. அந்த நாட்டு பஸ் ஆபீசுக்குப் போன் போட்டார். யாரோ ஒரு டிரைவரின் கையில் போனைக் கொடுத்தார்கள். அந்த ஆள் இனிமையாகப் பேசினான். "கவலைப்படாதீங்க சார். எங்கயாவது இறங்கியிருப்பாங்க. பிடிச்ச ஊரா இருக்கும்." அதற்கு மேல் அவன் சொன்னது இவர் காதில் ஏறவில்லை. தன் வாயிலிருந்து போன வார்த்தை உலகத்தைச் சுற்றிக்கொண்டு தன் காதுக்கே வந்தது போலிருந்தது. அந்த வார்த்தைக்குள் ஒரு மண்ணும் இல்லை என்று அவரைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்? போனை வைத்துவிட்டு, மனைவி தைத்துக்கொண்டிருந்த அறைக்குள் போகாமல் வாசலிலேயே நின்றார்.

லீவு போட்டுவிட்டு அவரே கிளம்பினார். அதற்குள் மாதங்கள் ஓடிவிட்டன, விசாவும் கெஞ்சலுமாக. மகளிடம் இருந்தது போல ஒரு பாஸ், முதுகில் ஒரு பை, தலை நரைத்த ஆள். பஸ்ஸில் இருந்த பிள்ளைகள் 'அங்கிள், அங்கிள்' என்று அன்பாகத்தான் இருந்தார்கள். முட்டி வலியைப் பார்த்து ஒரு பெண் தன் கீழ்க்கட்டிலை விட்டுக்கொடுத்தாள். அவர் ஊர் ஊராக இறங்கினார். விடுதிகளில், துணி துவைக்கும் கடைகளில், பழம் பறிக்கக் கூலிக்கு ஆள் எடுக்கும் தோட்டங்களில் எல்லாம் போனிலிருந்த படத்தைக் காட்டினார். பார்த்த மாதிரி இருக்கிறது என்றான் ஒருவன். ஏரிக்கரை ஊரில் விசாரியுங்கள் என்றான் இன்னொருவன். ஏரிக்கரை ஊரில் அவளைப் போலவே நடந்து போன ஒருத்தியின் பின்னால் தெருக்கோடி வரை ஓடினார். திரும்பிப் பார்த்தவள் யாரோ.

போலீஸ் ஸ்டேஷனில், "மேஜர் பொண்ணு சார். அவங்க இஷ்டத்துக்கு இறங்கியிருக்காங்க. இதுல கேஸ் எங்க இருக்கு?" என்று கேட்டார்கள். அவள் எந்த ஊரில் இறங்கினாள் என்று சொல்லுங்கள், தேடுகிறோம் என்றார்கள். அது தெரிந்தால் இந்த மனுஷன் ஏன் இவர்கள் படியேறப் போகிறார்? டிரைவர்களைக் கேட்டார். ஒவ்வொருவரும் படத்தை வாங்கி, வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார்கள். "தெனம் எத்தன மூஞ்சி சார். ஞாபகம் இருக்குமா?" கோபம்கூட வரவில்லை அவருக்கு. போன மாதம் தன் வண்டியில் வந்த ஒரு பிள்ளையின் முகத்தைச் சொல் என்று அவரைக் கேட்டால், அவரும் உதட்டைத்தான் பிதுக்குவார்.

ஒரு காலத்தில், எவனையாவது இழுத்துக்கொண்டு வந்தால் காலை ஒடிப்பேன் என்று மகளை மிரட்டியவர். இப்போது அந்த அடுக்குக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, எவன்கூடவாவது ஓடிப்போயிருக்கட்டும் கடவுளே, எந்தக் கேடுகெட்டவனாக இருந்தாலும் மாப்பிள்ளை என்று கூப்பிடுகிறேன் என்று வேண்டிக்கொண்டார். அவருக்கு மிஞ்சியிருந்த நம்பிக்கை அந்த அளவுக்கு வந்துவிட்டது.

சுற்றுப்பாதையின் கடைசி ஷெட்டில் ஒரு டிரைவரம்மா இருந்தார். பருமனான, சத்தமாகப் பேசுகிற பெண். இவரும் அதே தொழில் என்று தெரிந்ததும் அண்ணா என்று உறவு கொண்டாடிவிட்டார். பேச்சுவாக்கில், பிள்ளைகள் மறந்துவிட்டுப் போகிற சாமானெல்லாம் பின் அறையில் கிடக்கிறது, வேண்டுமானால் பாருங்கள் என்று சாவியைக் கொடுத்தார். குடைகள், ஒற்றைச் செருப்புகள், ஊதுகிற தலையணைகள். அவற்றுக்கு அடியில் ஒரு பையின் அரக்கு நிற ஒட்டு தெரிந்தது.

மனைவியின் தையல் அது. பையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே சிமெண்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அதுவாண்ணா? அது ரொம்ப நாளா டிக்கியிலயே சுத்திக்கிட்டு இருந்துச்சு" என்றார் டிரைவரம்மா, வாசலில் நின்று. "ஆளு முன்னாடி வண்டியில போயிருக்கும், பைய மறந்துடுச்சு, எங்கயாவது கேக்கும்னு நெனச்சோம். யாரும் கேக்கல. அப்புறந்தான் இங்க போட்டோம்."

அவர் பையைத் திறந்தார். மாற்றுத் துணி, மாத்திரை, கண்ணாடிக் கூடு, பல் தேய்க்கும் பிரஷ். எந்தப் பெண்ணாவது பிடித்த ஊரில் இறங்கித் தங்குவாளா, பிரஷை விட்டுவிட்டு, மாற்றுத் துணியை விட்டுவிட்டு? பை டிக்கியிலேயே இருந்தால் ஆள் தங்குவதற்கு இறங்கவில்லை என்று அர்த்தம். ஒரு டிரைவருக்கு அது கூடவா தெரியாது? தெரியும். யாரும் யோசிக்கவில்லை, அவ்வளவுதான். பையை மறுபடி மறுபடி துழாவினார். துண்டு மட்டும் இல்லை.

துண்டை எடுத்துக்கொண்டு இறங்கியிருக்கிறாள். குளிக்க. வண்டி நின்று, குளித்துவிட்டு உடனே ஏறுகிற இடம் அந்தப் பாதையில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, மலைமேல், ஆறு அருவியாக விழுகிற இடத்தில். பக்கத்தில் ஊர் கிடையாது, போன் சிக்னல் கிடையாது. டிரைவரம்மாவிடம் கேட்டார். அந்த அம்மாளின் குரல் முதல் தடவையாக இறங்கியது.

"மழைக்காலத்துல அங்க மண்ணு சரிஞ்சிடுச்சுண்ணா. ரோட்ட மூடிட்டாங்க. வண்டிங்க எல்லாம் ரொம்ப நாள் கீழ் ரோட்டுலதான் போச்சு. இப்பதான் தொறந்தாங்க."

எப்போது மூடினார்கள் என்று கேட்டார். அவள் கடைசியாகச் செய்தி அனுப்பிய நாளுக்கு மறுநாள்.

மனைவிக்குப் போன் செய்தார். பை கிடைத்துவிட்டது என்றார். அந்தப் பக்கம் மிஷின் சத்தம் நின்றது. "பை எதுக்குங்க எனக்கு?" என்றார் அந்த அம்மாள். "அவ எங்க?" ஆற்றில் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். ஆறு என்ற சொல்லைச் சொல்லியிருக்கக் கூடாது என்று சொன்ன பிறகுதான் உறைத்தது. வெகுநேரம் இருவரும் போனைப் பிடித்துக்கொண்டே இருந்தார்கள்.

அடுத்த நாள் டிரைவரம்மாவின் வண்டியிலேயே போனார். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். வண்டி மலையேறி, சாலையோரத்தில் ஒரு அகலமான இடத்தில், ஒரு கம்பத்தை ஒட்டி நின்றது. பிள்ளைகள் துண்டும் கையுமாக இறங்கி ஓடினார்கள்.

"கெளம்பறப்ப ஹாரன் அடிக்கறேண்ணா. உங்களுக்காக மூணு" என்றார் டிரைவரம்மா.

படிக்கட்டு மாதிரி வெட்டியிருந்த பாதையில் அவர் கீழே இறங்கினார். ஆற்றில் அப்போது தண்ணீர் குறைவுதான், இருந்தும் அருவியின் இரைச்சல் காதை அடைத்தது. குளித்துக்கொண்டிருந்த பிள்ளைகளைத் தாண்டி, கரையோடு, வளைவுக்கு அப்பால் போனார். தண்ணீருக்குள் பார்த்தார். பாறை இடுக்குகளில் பார்த்தார். எதைத் தேடுகிறோம் என்று தன் மனதுக்குள்கூடச் சொல்லிக்கொள்ளாமல் தேடினார். காது மட்டும் மேலே சாலையில் இருந்தது. ஹாரன் கேட்டதும் ஏற வேண்டும், போலீசுக்குச் சொல்ல வேண்டும், முக்குளிக்கிற ஆட்களைக் கூட்டி வர வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தார். பிள்ளைகளின் குரல் எப்போது ஓய்ந்தது என்று அவர் கவனிக்கவில்லை. ஹாரன் கேட்கவே இல்லை.

முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறி மேலே வந்தபோது பஸ் போய்விட்டிருந்தது.

டிரைவரம்மாவைத் திட்டிப் பயனில்லை. மூன்று தடவை அடித்திருக்கிறார், நீளமாக அடித்திருக்கிறார், அது பிறகு தெரிந்தது. ஆள் வரவில்லை என்றதும் தயங்கியும் இருக்கிறார். மகளைத் தேடி வந்தவர் இல்லையா, இருந்து தேடிவிட்டு அடுத்த வண்டியில் வருவார் என்று பின் சீட்டிலிருந்து ஒருவன் சொல்லியிருக்கிறான். நியாயம்தானே என்று கிளம்பிவிட்டார். இவருடைய பையும் டிக்கியோடு போய்விட்டது. அந்த அருவிக்குக் கீழே நிற்கிறவன் காதில் எந்த ஹாரனும் விழாது. ஆயுசு முழுக்க ஹாரன் அடித்துப் பிழைத்தவருக்கு அன்றைக்குத்தான் அது தெரிந்தது.

அந்த வெற்று இடத்தில் நின்று நாலா பக்கமும் பார்த்தார். பஸ் மறைத்துக்கொண்டிருந்த கம்பம் இப்போது முழுதாகத் தெரிந்தது. கைக்கு எட்டுகிற உயரத்தில் அதில் ஒரு துணி கட்டியிருந்தது. வெயிலிலும் மழையிலும் வெளுத்து நைந்துபோன துண்டு. சாலை திறந்த நாளிலிருந்து எல்லா டிரைவர்களும் அதைப் பார்த்திருக்கிறார்கள், யாரோ காயப்போட்டுவிட்டு மறந்துபோனது என்று நினைத்திருக்கிறார்கள். கிட்டே போனார். ஓரத்தில் அரக்கு நிறத்தில் ஒரு சின்னக் காது இருந்தது.

ஆறு அவளைக் கொண்டுபோகவில்லை. குளித்துவிட்டு நல்லபடியாக மேலே வந்திருக்கிறாள். வந்து, வண்டி போய்விட்டதைப் பார்த்து, பதறாமல், அப்பா சொன்னபடி துண்டை உயரத்தில் கட்டிவிட்டு இங்கேயே உட்கார்ந்திருக்கிறாள். டிரைவர் திரும்பி வருவான் என்று. மறுநாள் சாலை இரண்டு பக்கமும் சரிந்தது. அவள் எழுந்து நடந்திருக்கலாம். முதல் நாளே நடந்திருந்தால் ஏதாவது ஒரு வீட்டு விளக்கைப் பார்த்திருப்பாள். நகராதே என்று சொல்லி அனுப்பியது யார்?

போலீஸ் வந்தது பிறகு. அந்தத் தடவை மேஜர் பொண்ணு என்று யாரும் பேசவில்லை. கம்பத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், சாலைக்குக் கீழே புதருக்குள் அவள் கிடைத்தாள். நடக்கத் தெம்பு போகிறவரை காத்திருந்துவிட்டு, அதன் பிறகுதான் நகர்ந்திருக்கிறாள் என்று அவர்கள் சொன்னார்கள். அந்த அளவுக்கு அப்பன் பேச்சைக் கேட்கிற பிள்ளை அது. வீட்டில் எதிர்த்து எதிர்த்துப் பேசிக்கொண்டு திரிந்த கழுதை.

ஆனால் அன்றைக்கு அவருக்கு அதெல்லாம் தெரியாது. கம்பத்தின் அடியில் உட்கார்ந்தார். சாலை இரண்டு பக்கமும் காலியாகக் கிடந்தது. நடந்து போகலாம் என்று அவருக்குத் தோன்றாமல் இல்லை. எழுந்திருக்க முடியவில்லை. பொழுது சாய்ந்து குளிர் எலும்பில் ஏறியபோதும் அங்கேயே இருந்தார். பாப்பா, பாப்பா என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் அடுத்த வண்டி வந்தது. ஓட்டி வந்தவன் இளம் வயது, சிரித்த முகம், அவரை முன்பின் பார்த்ததில்லை. கம்பத்தை ஒட்டி நிறுத்திக் கதவைத் திறந்தான்.

"என்ன சார், எடம் பிடிச்சுப்போச்சா? இங்கயே தங்கிட்டீங்க?" என்று கேட்டான்.

மூணு ஹாரன் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். துண்டிலிருந்து கையை எடுக்கவில்லை.

"தங்கல தம்பி" என்றார். "விட்டுட்டுப் போயிட்டாங்க."